வீட்டில் செய்த மெட்டல் டிடெக்டர் மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது எந்த சர்க்யூட்டைப் பற்றிய பக்கம்?

பல்ஸ் இண்டக்ஷன் வகை. வீட்டில் செய்பவர்களில் பலர் கட்டுவது இதைத்தான்: ஒரு 555 டைமர், ஒரு பிசி 557 டிரான்சிஸ்டர், ஒரு ஐஆர்எஃப் 740 மாஸ்ஃபெட் (வேகமான மின் சுவிட்ச்), ஒரு டிஎல் 072 ஆப்-ஆம்ப் (சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் ஐசி), கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட ஒரு பிசி 547. காயில் 20 செ.மீ. விட்டத்தில் 25 சுற்று. மின்சாரம் 12 வோல்ட்.

வேலை செய்யும் விதம் இதுதான். 555 வினாடிக்கு 138 தடவை சின்னதாக ஒரு பல்ஸ் கொடுக்கிறது. அந்த 150 மைக்ரோ நொடிக்கு மட்டும் மாஸ்ஃபெட் காயிலை பேட்டரியோடு சேர்த்து, டக்கென்று அறுத்துவிடுகிறது. அறுத்ததும் காயில் எதிர்ப்பக்கம் உதைக்கும். வோல்டேஜ் 400 வரை எகிறி, காயிலுக்குக் குறுக்கே உள்ள 390 ஓம் ரெசிஸ்டரில் கரைந்துபோகும். பக்கத்தில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழலும் மின்னோட்டம் இந்த இறக்கத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டும். சில மைக்ரோ நொடி, அவ்வளவுதான். அந்த நீட்சியை டிஎல் 072 பெரிதாக்கிச் சத்தமாக மாற்றுகிறது.

காயிலின் ஒரு முனை +12 வோல்ட்டில், மறுமுனை மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் என்ற காலில். டிரெய்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஆப்-ஆம்புக்கு சிக்னல் போகிறது. அந்த இடத்தில் இரண்டு 1என்4148 டயோடுகள் எதிரெதிராக +12-க்குக் கட்டப்பட்டிருக்கும். உங்களிடம் உள்ள படத்தில் மதிப்புகள் கொஞ்சம் மாறலாம். எலும்புக்கூடு இதுவாக இருந்தால் கீழே உள்ளது பொருந்தும்.

எல்லாம் படத்தில் உள்ளபடிதான் கட்டினேன். எந்தச் சத்தமும் இல்லை. எங்கிருந்து தேடுவது?

ஐசியை மாற்றாதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். மொத்த மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். கோளாறு எந்தப் பாதியில் என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் பேட்டரியோடு தொடராக வையுங்கள். 50 மில்லியாம்பியர் அக்கம்பக்கம் காட்டினால் பல்ஸ் ஒழுங்காகக் காயிலுக்குப் போகிறது. கோளாறு ஆப்-ஆம்ப் பக்கமோ ஸ்பீக்கர் பக்கமோதான். 15 மில்லியாம்பியரைத் தாண்டவில்லை என்றால் ஐசிகள் மட்டும் குடிக்கின்றன, காயிலுக்கு ஒன்றும் போகவில்லை. ஓர் ஆம்பியருக்கு மேல் ஓடினால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். மாஸ்ஃபெட் மூடாமல் திறந்தே, அதாவது மின்சாரத்தை விட்டுக்கொண்டே, கிடக்கிறது.

முதல் தடவை பவர் கொடுக்கும்போது பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் பைக் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுவிடுங்கள். டிவி மெக்கானிக் கடையில் வைத்திருப்பார்களே சீரியஸ் பல்பு, அதே வேலைதான். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு எரியாது. ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். சோதித்து முடித்ததும் பல்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூரம் குறையும்.

மாஸ்ஃபெட் பத்து விநாடியில் கை வைக்க முடியாத அளவு சூடாகிறது. ஹீட் சிங்க் போட வேண்டுமா?

வேண்டாம். இந்த சர்க்யூட்டில் மாஸ்ஃபெட் நூற்றில் இரண்டு பங்கு நேரம்தான் வேலை செய்கிறது. லேசான வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. சூடாகிறது என்றால் மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை என்று பொருள். ஹீட் சிங்க் போட்டால் மாஸ்ஃபெட் தப்பிக்கும், அடுத்து காயில் கருகும்.

காரணங்களில் முதலிடம் 555-க்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவில் இருக்கும் பிசி 557-க்குத்தான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 555-இன் 3-ஆம் கால் பெரும்பாலான நேரம் மேலே இருக்கும். 150 மைக்ரோ நொடிக்கு மட்டும் கீழே வரும். அது கீழே வரும்போதுதான் பிசி 557 திறந்து மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (அதைத் திறந்து மூடும் கால்) 12 வோல்ட் கொடுக்கும். இதுவரை சரி. ஆனால் சாதாரண 555-இன் வெளியீடு "மேலே" இருக்கும்போது முழு 12 வோல்ட்டுக்குப் போகாது. ஒன்றரை வோல்ட் குறைவாக, பத்தரை வோல்ட்டில் நின்றுவிடும். பிசி 557-இன் எமிட்டர் கால் 12 வோல்ட்டில் இருக்கிறது, பேஸ் கால் 555-இன் வெளியீட்டோடு சேர்ந்திருக்கிறது. அது திறக்க 0.6 வோல்ட் வித்தியாசம் போதும், இங்கேயோ 1.5 வோல்ட் கிடக்கிறது. ஆக, மூட வேண்டிய நேரத்திலும் அது அரைகுறையாகத் திறந்தே இருக்கும், மாஸ்ஃபெட்டும் கூடவே.

இதற்குத்தான் நல்ல படங்களில் பிசி 557-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். "இது எதற்கு, சும்மா" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். 555-இன் 3-ஆம் காலிலிருந்து பேஸுக்கு 2.2 கிலோ ஓம், பேஸிலிருந்து எமிட்டருக்கு 1 கிலோ ஓம் என்று போட்டால், அந்த 1.5 வோல்ட்டில் 0.47 வோல்ட்தான் பேஸுக்குப் போகும். டிரான்சிஸ்டர் மூடியே இருக்கும். இன்னொரு வழி, சிமாஸ் வகை 555: 7555 அல்லது டிஎல்சி 555. அவற்றின் வெளியீடு ஏறக்குறைய முழு 12-ஐத் தொடும்.

இரண்டாவது காரணம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் இல்லாமலோ மதிப்பு மிகப் பெரிதாகவோ இருப்பது. மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி. ஏற்றிய சார்ஜை யாராவது இறக்கினால்தான் மூடும். பிசி 557-க்கு ஏற்றத்தான் தெரியும், இறக்கத் தெரியாது. இறக்குவது அந்த ரெசிஸ்டர்தான். 470 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரை வையுங்கள். 10 கிலோ ஓம் போட்டால் மாஸ்ஃபெட் மூடும், ஆனால் மெதுவாக. சூடு அவ்வளவு தெரியாது, கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகிவிடும்.

மூன்றாவது, கால்களை மாற்றி வைப்பது. ஐஆர்எஃப் 740-ஐ எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெய்ன், சோர்ஸ். பிசி 557-இன் தட்டையான முகம் உங்களைப் பார்த்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கடையில் பிசி வரிசை இல்லையென்று 2என்3906 கொடுத்திருந்தால் அதன் வரிசை நேர் எதிர்: எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே சொருகினால் சரியாக நடக்காது.

என்னிடம் ஆசிலாஸ்கோப் இல்லை. சாதாரண மல்டிமீட்டரை வைத்து பல்ஸ் வருகிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும். மல்டிமீட்டரின் டிசி ரேஞ்ச் சராசரியைக் காட்டும். பல்ஸின் அகலம் தெரிந்தால் சராசரி எவ்வளவு வரவேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

555-இன் 3-ஆம் காலில் பத்து, பத்தரை வோல்ட் வர வேண்டும். மாஸ்ஃபெட்டின் கேட்டில் 0.2 முதல் 0.3 வோல்ட். இந்தச் சின்ன எண்ணைப் பார்த்து "கேட்டுக்கு வோல்டேஜே வரவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள்: 12 வோல்ட்டில் இரண்டு சதவீதம் அவ்வளவுதான் வரும். கேட்டில் 1 வோல்ட்டுக்கு மேல் நின்றால் முந்தைய கேள்விக்குப் போங்கள். சுத்தமாக 0.00 என்றால் 555 ஓடவில்லை அல்லது பிசி 557 போய்விட்டது.

டிரெய்னில் மட்டும் மீட்டரை வைக்காதீர்கள். அங்கே 400 வோல்ட் கூர்முனை வந்துபோகிறது. மலிவு மீட்டருக்கு அது நல்லதில்லை. விரல் பட்டாலும் சுள்ளென்று கடிக்கும்.

555 ஓடவே இல்லை. 3-ஆம் கால் ஒரே வோல்டேஜில் நிற்கிறது.

2-ஆம் காலும் 6-ஆம் காலும் சேர்ந்திருக்கின்றனவா, 4-ஆம் கால் 12 வோல்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். 7-க்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 2.2 கிலோ ஓம், 6-லிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட். கெப்பாசிட்டரில் 104 என்று அச்சிட்டிருக்கும். 103 போட்டிருந்தால் பல்ஸ் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்: 555 ஓடும், காயிலில் மின்னோட்டம் ஏற நேரம் இருக்காது.

காயிலுக்கு எந்த வயர்? அளந்தால் எவ்வளவு ஓம் காட்ட வேண்டும்?

0.5 மி.மீ. எனாமல் செம்பு வயர். மோட்டார் காயில் கட்டும் கடையில் 25 கேஜ் என்று கேளுங்கள். 20 செ.மீ. விட்டத்தில் 25 சுற்றுக்குப் பதினாறு மீட்டர் போகும், இணைப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். இண்டக்டன்ஸ் 300 மைக்ரோஹென்றி அளவில் வரும். ரெசிஸ்டன்ஸ் 1.4 ஓம். அளக்கும் முன் மீட்டரின் இரண்டு முனையையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டர் வயரே 0.3, 0.4 ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் எண் நிலையில்லாமல் ஓடினால் முனையில் எனாமல் சரியாகச் சுரண்டப்படவில்லை. இது மிகவும் ஏமாற்றும் கோளாறு. ஈயம் வயரைச் சுற்றிப் பளபளவென்று பிடித்த மாதிரியே இருக்கும், உள்ளே எனாமல் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடால் ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் போதாது. வயரை உருட்டி உருட்டி, ஒரு செ.மீ. நீளத்துக்கு நாற்புறமும் பழுப்பு நிறம் போய் ரோஸ் நிறச் செம்பு தெரியும்வரை சுரண்டுங்கள். அப்புறம் அந்த முனைக்கு மட்டும் தனியாக ஈயம் பூசிப் பாருங்கள். ஈயம் உருண்டையாகத் திரண்டு நிற்காமல் வழிந்து படர்ந்தால் பிடித்துவிட்டது.

காயில் சுற்று ஒன்றுக்கொன்று அசையாமல் இறுகக் கட்ட வேண்டும். சுற்றி முடித்து நூலால் கட்டி, வார்னிஷோ அரால்டைட்டோ ஊற்றிவிடுங்கள். தட்டினால் டிடெக்டர் கத்துகிறது என்றால் காயில் தளர்ந்திருக்கிறது.

உலோகமே இல்லை, ஆனால் தொடர்ந்து கத்திக்கொண்டே இருக்கிறது. பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர், ஆப்-ஆம்பைச் சரிசெய்யும் திருகு குமிழ்) எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் நிற்கவில்லை.

பெரும்பாலும் உலோகம் இருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை.

மேசைக்குக் கீழே இரும்புச் சட்டம், தரைக்குள் கான்கிரீட் கம்பி, இரண்டடி தள்ளி பீரோ, எல்லாமே இந்தக் காயிலுக்குத் தெரியும். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட டெலிஃபோன் புகழ் கிரஹாம் பெல்லே ஒரு கருவியோடு வந்தார். கருவி சரியாகத்தான் இருந்தது. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. நம் வீட்டில் இரும்புக் கட்டில் மேல் வைத்துச் சோதிப்பதும் அதே கதைதான். மரத்தடியிலோ மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி மேலோ காயிலை வைத்துப் பாருங்கள். மாடித் தளத்திலும் கம்பி இருக்கும் என்பதால் காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பது நல்லது.

வெட்டவெளியிலும் கத்தினால் உலோகம் காயிலிலேயே இருக்கிறது. மூடிய வளையம் எதுவானாலும் காயிலுக்கு அது ஒரு நாணயத்தைவிடப் பெரிய இலக்கு. ஷீல்டுக்கு (வெளி மின் இரைச்சலைத் தடுக்க) அலுமினிய ஃபாயில் சுற்றியிருந்தால் முழு வட்டமாக இணையவிடக் கூடாது, ஒன்றிரண்டு செ.மீ. இடைவெளி விடவேண்டும். ஃபாயிலின் இரண்டு நுனியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாலே போதும், கதை முடிந்தது. எனாமல் உரிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிய ஒரே ஒரு சுற்றும் இதே மாதிரிதான். அதை மல்டிமீட்டரில் பிடிக்க முடியாது. ஒரு சுற்றின் ரெசிஸ்டன்ஸ் 0.06 ஓம்கூட இல்லை, மீட்டர் வித்தியாசமே காட்டாது. ஃபாயிலைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் இன்னொரு காயில் சுற்றி மாட்டிப் பாருங்கள். வயர் செலவு கொஞ்சம்தான், அரை நாள் தலைவலி மிச்சம்.

காயிலைப் பிடித்திருக்கும் போல்ட், நட், பைப் கிளாம்ப் எல்லாம் பிளாஸ்டிக்கா என்றும் பார்த்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஆப்-ஆம்ப்தான். முதல் நிலையின் பெருக்கம் 1000 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஎல் 072-இன் உள்ளீட்டில் 10 மில்லிவோல்ட் வரை ஆஃப்செட் (சிக்னலே இல்லாதபோதும் இருக்கும் சின்ன வோல்டேஜ் பிழை) இருக்கலாம். அது ஆயிரம் மடங்காகி 10 வோல்ட்டாக நிற்கும். அப்படி ஒரு ஐசி கிடைத்தால் பாட்டின் ரேஞ்ச் போதாது. ஐசிக்கு சாக்கெட் வைத்திருந்தால் வேறொன்றைச் சொருகிப் பார்ப்பது எளிது.

டிஎல் 072 கிடைக்கவில்லை. எல்எம் 358 போட்டேன், கால் வரிசை ஒன்றுதானே?

கால் வரிசை ஒன்றுதான். வேலை ஒன்றில்லை. இந்த சர்க்யூட்டில் சிக்னல் +12 வோல்ட்டை ஒட்டியே வருகிறது, காயிலின் ஒரு முனை அங்கேதானே இருக்கிறது. டிஎல் 072-இன் உள்ளீடு மேல் ரயிலை, அதாவது அந்த +12 வோல்ட்டை, ஒட்டியும் வேலை செய்யும். எல்எம் 358 அதற்கு நேரெதிர்: கிரவுண்டு வரை இறங்கும், மேலே மட்டும் ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். சிக்னல் வரும் இடம் அதற்குக் குருட்டு மூலை. அதனால்தான் பல்ஸ், காயில் எல்லாம் சரியாக இருந்தும் டிடெக்டர் செவிடாகக் கிடக்கிறது.

டிஎல் 082 போடலாம், அதே குடும்பம். ஆடியோ கடையில் சுலபமாகக் கிடைக்கும் 4558-ஐ இந்த இடத்துக்கு நம்ப வேண்டாம்.

வேலை செய்கிறது, ஆனால் நாணயத்தைக் காயிலில் உரசினால்தான் கேட்கிறது.

20 செ.மீ. காயிலுக்கு ஒரு 5 ரூபாய் நாணயம் 15 செ.மீ. தாண்டிக் கேட்க வேண்டும், இரும்பு வாணலி அரை மீட்டருக்கு மேல். அதற்குக் கீழே என்றால் மாஸ்ஃபெட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஐஆர்எஃப் 740-க்குப் பதில் கையில் கிடந்த ஐஆர்எஃப்இசட் 44 போட்டிருக்கிறீர்களா? அது 55 அல்லது 60 வோல்ட் மாஸ்ஃபெட். காயில் 400 வரை எகிற வேண்டிய இடத்தில் இது 60 சொச்சத்திலேயே பிடித்து அமுக்கிவிடும். அமுங்கிய வோல்டேஜில் காயில் மின்னோட்டம் வடிய நேரம் பிடிக்கும்: 740-இல் மூன்று மைக்ரோ நொடியில் வடிவது இங்கே பதினேழு, பதினெட்டு எடுக்கும். சின்ன நாணயத்தின் சிக்னலோ அதற்குள் பாதி செத்துப்போயிருக்கும். ஐஆர்எஃப் 840 போடலாம், 500 வோல்ட் தாங்கும். பெரிய ஆம்பியர் எண்ணைப் பார்த்து மாஸ்ஃபெட் வாங்காதீர்கள். இங்கே வோல்ட் எண்தான் முக்கியம்.

அடுத்தது அந்த 390 ஓம். காயிலும், கேபிளும் மாஸ்ஃபெட்டும் சேர்த்துக் கொண்டுவரும் கெப்பாசிட்டன்ஸும் ஒன்றோடொன்று ஊஞ்சலாடாமல் அடக்குவது இதுதான். 300 மைக்ரோஹென்றி, 500 பிகோஃபாரட் என்றால் கணக்குப்படி 387 ஓம் வரும். படங்களில் 390 இருப்பது இதனால்தான். உங்கள் காயில் வேறு, கேபிள் வேறு என்றால் எண்ணும் வேறு. மீட்டர் நீள கோஆக்ஸ் கேபிள் மட்டுமே 70 முதல் 100 பிகோஃபாரட் சேர்க்கும். 270, 330, 390, 470, 560 என்று 1 வாட் ரெசிஸ்டர்கள் ஐந்தை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக மாட்டி, ஒரே நாணயத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மதிப்பு குறைந்தால் வால் நீண்டு தூரம் குறையும். கூடினால் ஊஞ்சலாட்டம் வரும், பாட் ஒரு நிலையில் நிற்காமல் அலையும். கூடிக்கொண்டே போய் அலைய ஆரம்பித்ததும் ஒரு படி கீழே இறங்குங்கள். வயர் சுற்றிய வகை ரெசிஸ்டர் வேண்டாம், அதுவே ஒரு காயில்.

பேட்டரியையும் சொல்ல வேண்டும். பல்ஸின் உச்சத்தில் காயில் மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. ரேடியோவில் போடும் சதுர 9 வோல்ட் பேட்டரியால் அதைத் தர முடியாது. 18650 செல் மூன்றைத் தொடராகப் போடுங்கள், அல்லது சின்ன 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. எதுவானாலும் மாஸ்ஃபெட்டுக்கு அருகிலேயே 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கட்டும். பல்ஸுக்கான மின்சாரம் உண்மையில் அதிலிருந்துதான் போகிறது.

வீட்டுக்குள் சத்தம் "வவ்வவ்வவ்" என்று அலைகிறது. வயலில் நன்றாக இருக்கிறது.

வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ்தான். அதன் மூன்று மடங்கு 150. நம் டிடெக்டர் 138. இரண்டுக்கும் உள்ள 12 ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான் அந்த அலையல். 100 கிலோ ஓமோடு தொடராக 10 கிலோ ஓம் சேர்த்தால் 555 ஏறத்தாழ 126 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்; 100-க்கும் 150-க்கும் நடுவில் இருப்பதால் தொந்தரவு குறையும். எல்இடி பல்பு டிரைவர், மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நில்லுங்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டிச் சோதிக்கிறவர்கள் பேட்டரிக்கு மாறினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிரெட்போர்டில் தாறுமாறாக நடந்துகொள்கிறது.

நடந்துகொள்ளத்தான் செய்யும். மூன்று ஆம்பியர் பல்ஸ் அந்தச் சின்ன ஸ்பிரிங் தொடர்புகள் வழியாகப் போகும்போது அங்கே அரை வோல்ட் விழும். அதே கிரவுண்டைப் பயன்படுத்தும் ஆப்-ஆம்ப் மில்லிவோல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. 555-உம் ஆப்-ஆம்பும் பிரெட்போர்டில் இருக்கட்டும். மாஸ்ஃபெட், காயில், 1000 மைக்ரோஃபாரட், பேட்டரி வயர், இவற்றை மட்டும் தனியாக ஈயம் வைத்து இணையுங்கள். இரண்டு பகுதியின் கிரவுண்டும் ஒரே புள்ளியில், கெப்பாசிட்டரின் மைனஸ் காலில், சேரட்டும். போர்டு போடும்போதும் இதே விதிதான். ஆப்-ஆம்பின் 8-ஆம் காலுக்கு 100 ஓம் வழியாக பவர் கொடுத்து 100 மைக்ரோஃபாரட் வைப்பது இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் இரண்டு டயோடுகளின் மேல்முனையைக் காயிலின் +12 முனையிலேயே விடுங்கள், 8-ஆம் காலுக்கு மாற்றாதீர்கள்.

வெயிலில் பத்து நிமிடம் நின்றால் தானாகக் கத்த ஆரம்பிக்கிறது.

555-இன் 104 கெப்பாசிட்டர் செராமிக் வட்டு வகையா? மலிவு செராமிக்கின் மதிப்பு வெயிலில் நன்றாகவே நகரும். பல்ஸ் அகலமும் கூடவே நகரும். பாலியஸ்டர் வகையாக மாற்றுங்கள். ஆப்-ஆம்பின் ஆஃப்செட்டும் சூட்டில் கொஞ்சம் நகரும், அதை முழுதாக நிறுத்த முடியாது. பெட்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடிப்பது, ஆன் செய்து ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு பாட்டை வைப்பது, இவ்வளவு போதும். 100 கிலோ ஓம் பாட்டோடு தொடராக 10 கிலோ ஓம் பாட் ஒன்றும் சேர்த்தால் நுணுக்கமாகத் திருப்பலாம்.

பிசி 547 அடிக்கடி போய்விடுகிறது.

8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டியிருப்பீர்கள். 12-ஐ 8-ஆல் வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். பிசி 547 தாங்குவது 100 மில்லியாம்பியர். 150 ஓம் தொடராகப் போடுங்கள். சத்தம் கூடுதலாக வேண்டும் என்றால் பிசி 337-உம் 47 ஓமும்.

நண்பரிடம் ஆசிலாஸ்கோப் வாங்கிவந்தேன். எங்கே வைத்துப் பார்ப்பது?

இரண்டு டயோடுகள் இருக்கும் புள்ளியில், 1 கிலோ ஓமுக்கு அந்தப் பக்கம். அங்கே வோல்டேஜ் +12-க்கு மேலும் கீழும் 0.7 வோல்ட்டைத் தாண்டாது. பல்ஸ் முடிந்ததும் மேலே ஒட்டி நின்று, சில மைக்ரோ நொடிகள் கழித்து 12-க்கு வழுக்கி இறங்கும் வளைவு தெரியும். நாணயத்தைக் கொண்டுவந்தால் அந்த இறக்கம் இலேசாகத் தடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 12-க்குக் கீழே போய்த் துள்ளித் திரும்பினால் டாம்பிங் ரெசிஸ்டர் (காயிலுக்குக் குறுக்கே உள்ள அந்த 390 ஓம்) பெரிது. சின்ன கிட் ஸ்கோப்புகள் 50 வோல்ட்தான் தாங்கும், டிரெய்னில் வைத்தால் போய்விடும்.

தங்கம், இரும்பு என்று பிரித்துச் சொல்லுமா?

சொல்லாது. இந்த வகையின் எளிய சர்க்யூட் எதுவும் சொல்லாது. ஆணிக்கும் மோதிரத்துக்கும் ஒரே கத்தல். மெல்லிய தங்கச் சங்கிலியின் சிக்னல் மிக வேகமாகச் செத்துவிடுவதால் அதற்கு ஆணியைவிடக் குறைவாகவே கத்தும். ஈர மணலில் நன்றாக வேலை செய்வதுதான் இதன் சிறப்பு.

என் சர்க்யூட்டில் மாஸ்ஃபெட்டே இல்லை. ஒரு 555, ஒரு காயில், ஒரு ஸ்பீக்கர் மட்டும்.

அது வேறு வகை. 555-இன் ஓட்டத்தில் காயிலும் சேர்ந்திருப்பதால் உலோகம் வந்தால் சத்தத்தின் சுருதி கொஞ்சம் மாறும். சுவிட்ச் பாக்ஸ் மேல் வைத்துக் காட்டுவதற்கு நன்றாக இருக்கும். இரண்டு, மூன்று செ.மீ.க்கு மேல் அதில் எதிர்பார்க்காதீர்கள். அதைப் பழுதுபார்க்கச் செலவிடும் நேரத்தில் மேலே உள்ளதைக் கட்டிவிடலாம்.

சரியாகிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு பழைய கோயில், கோட்டைப் பக்கம் போகலாமா?

வேண்டாம். இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மற்ற இடத்தில் தற்செயலாகப் புதையல் கிடைத்தாலும், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இலங்கையின் வடக்கு, கிழக்கில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது: போர் நடந்த நிலத்தில் இதை வைத்துத் தேடவே தேடாதீர்கள். கண்ணிவெடிகளில் பல ஏறக்குறைய முழுக்க பிளாஸ்டிக், இந்தக் கருவி அமைதியாக இருந்தால் கீழே ஒன்றும் இல்லை என்று பொருள் இல்லை. கடற்கரை மணல், தொலைந்த மோதிரம், நம் தோட்டத்தில் புதைந்த பழைய தண்ணீர்க் குழாய், இவற்றுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.